தூக்கி அடித்தால் அவுட்

தியாகதுருகம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு செல்போன் கடை இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பஸ்ஸுக்குக் காத்திருந்த நான் அதன் வாசலில் போய் நின்றேன். கடைக்காரர் டிவியைத் தெருப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். அதன் முன்னால் பத்துப் பதினைந்து ஆண்கள். பெண் என்று நான் ஒருத்திதான், கையில் கத்தரிக்காய்ப் பையோடு.

ஆஸ்திரேலியா எடுத்து வைத்த ரன்னை நம் பெண்கள் துரத்திக்கொண்டிருந்தார்கள். கடைசி ஐந்து ஓவர். விக்கெட்டுகள் கையில் இருக்கின்றன. அடித்தால் ஜெயித்துவிடலாம். ஆனால் அடிக்கவில்லை. தட்டினார்கள், ஓடினார்கள், ஒன்று எடுத்தார்கள். மறுபடியும் தட்டினார்கள். தலைக்கு மேலே தகரக் கூரை கொதித்தது. புது செல்போன் உறைகளின் பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியது. கடைசியில் பந்துகள்தான் தீர்ந்துபோயின, விக்கெட்டுகள் மிச்சம் இருந்தன.

"இன்னாத்துக்கு இதுங்கள அனுப்புறாங்க?" என்றார் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர். "தெம்பு இல்லப்பா. அவளுங்கள பாரு, எப்பிடி கீறாளுங்க. நம்ம பொண்ணுங்களுக்குக் கையே எந்திரிக்கல."

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"யாருக்குங்க தெம்பு இல்ல?" என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "மேடத்துக்கு கிரிக்கெட்டு தெரியுமா?" என்று ஒரு குரல்.

"ஆடியிருக்கேன். மாவட்டத்துக்கு."

"அப்ப நீங்களே போயிருக்கலாமே மேடம், ஜெயிச்சிருப்போம்."

சிரிப்பு. நானும் சிரித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். என்னால் முடியவில்லை. தெம்பு இல்லை என்ற அந்தப் பேச்சை நான் ஏற்கெனவே ஒரு முறை, இதைவிடக் கிட்டத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அன்று பதில் தெரிந்திருந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதனால் ஒருத்தியின் ஆட்டமே முடிந்துபோனது. இந்த வாரம் அதைத்தான் எழுதப்போகிறேன். எழுதுவதற்கு எனக்கே பிடிக்கவில்லை.

அறிஞர்கள் சொல்லும் காரணம்

நாம் தோற்ற மறுநாள் பேப்பரைப் பாருங்கள், டிவியைப் போடுங்கள். கோட்டு போட்டவர்கள் நாலு பேர் உட்கார்ந்து காரணம் சொல்வார்கள். மனவலிமை போதாது. உடல்வலிமை போதாது. சாப்பாடு சரியில்லை. கடைசி நேரத்தில் கை நடுங்குகிறது. ஒருவர் போன வருடம் மூச்சுப் பயிற்சி செய்தால் சரியாகிவிடும் என்றார். அவரை உட்கார வைத்து நான் மூச்சுப் பயிற்சி கொடுக்கத் தயார்.

ஆஸ்திரேலியாக்காரிகளுக்கு மைதானம் ஜாஸ்தி, பயிற்சி ஜாஸ்தி, ஆடுகிற பெண்களும் ஜாஸ்தி. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் ஆடும்போது ஒன்றைக் கவனியுங்கள். தூக்கி அடிப்பாள், எல்லைக்கோட்டில் பிடித்துவிடுவார்கள், சூயிங்கத்தை மென்றுகொண்டே வெளியே போவாள். அடுத்த ஆட்டத்திலும் வருவாள். அதே பந்தை அதே மாதிரி தூக்குவாள். அதற்காக அவளை யாரும் அணியை விட்டுத் தூக்கிவிட மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

மாநில முகாமில் என் அறையில் ஒரு பெண் இருந்தாள். பாத்ரூமில் சோப்பு டப்பாவை மட்டை மாதிரி பிடித்து ஆடிப் பார்ப்பாள், அவ்வளவு பைத்தியம். ஒரு ஆட்டத்தில், ஒரே ஓர் ஆட்டத்தில், தேவையில்லாத நேரத்தில் தூக்கி அடித்து அவுட் ஆனாள். பொறுப்பில்லாதவள் என்று தேர்வாளர்கள் எழுதிவிட்டார்கள். அடுத்த முகாமுக்கு அவள் பெயர் வரவில்லை. அதைப் பார்த்த நாங்கள் எல்லோரும் மறுநாள் முதல் பந்தைத் தரையிலேயே உருட்டினோம். யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

இதுதான் என் காரணம். பேப்பரில் எழுதுகிறவர்களுக்கு இது பிடிக்காது. ஏனென்றால் இதில் ஆடுகிற பெண்ணின் மேல் தப்பு இல்லை, ஆட வைக்கிறவர்கள் மேல்தான் தப்பு. இதை இவ்வளவு உறுதியாக நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆட வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

பள்ளத்தின் ஓரம்

வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் நடந்தால் எங்கள் ஊர். சாமை அடிக்கிற களம்தான் எங்கள் மைதானம். களத்துக்கு ஒரு பக்கம் பாறை மேடு. இன்னொரு பக்கம் பள்ளம். பள்ளத்தில் முதலில் மரவள்ளிக் காடு, அதன் கோடியில் ஒரு பலா மரம், அதற்குக் கீழே முள்ளுப் புதர், அதற்கும் கீழே ஓடை.

ஏழெட்டுப் பெண் பிள்ளைகள் ஆடுவோம். ஆண் பிள்ளைகள் எங்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பிறகு அவர்கள் கேட்டபோது நாங்களும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. துணி உருண்டையின் மேல் சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி மாட்டினால் அதுதான் பந்து. நான்தான் கேப்டன், நான்தான் அம்பயர். யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை, எனக்குக் குரல் பெரிசு.

மல்லிகா என் அத்தை மகள், என் வயது. அவள் அப்பா மரவள்ளி லோடு ஏற்றிக்கொண்டு ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்குப் போவார். ஒரு தடவை திரும்பி வரும்போது சிவப்பாக ஒரு கார்க் பந்து வாங்கி வந்தார். நாங்கள் அதை ஆளுக்கொரு தடவை மோந்து பார்த்தோம். புதுப் பெயிண்ட் வாசனை அடித்தது. அந்த மலையில் எங்களுக்குத் தெரிந்து அது ஒன்றுதான் நிஜப் பந்து.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, நான் போட்ட பந்தை மல்லிகா தூக்கினாள். மட்டையில் பட்ட சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. களத்தைத் தாண்டி, மரவள்ளிக் காட்டைத் தாண்டி, பலா மரத்துக்கு மேலேயே போய்விட்டது. பெரிய ஆண்கள் கூட அவ்வளவு தூரம் அடித்து நான் பார்த்ததில்லை. ஒருத்தி கைதட்ட ஆரம்பித்தாள். நான் அவளை அதட்டி நிறுத்தினேன்.

இரண்டு நாள் தேடினோம். கை காலெல்லாம் முள். ஓடைக் கரையில் பந்து கிடைத்தபோது அதன் ஒரு பக்கம் ஊறி உப்பியிருந்தது.

நான் போட்ட சட்டம்

அன்று சாயங்காலமே களத்தின் நடுவில் நின்று சொன்னேன்.

"இனிமே தூக்கி அடிச்சா அவுட்டு. பந்து பள்ளத்துல வுழுந்துதுன்னா அடிச்சவ ஒரு வாரம் மட்டைய தொடக்கூடாது."

"அப்ப மட்ட இன்னாத்துக்கு?" என்றாள் மல்லிகா. "தொடப்பத்த எடுத்துக்கினு வந்து பெருக்கலாமா?"

"பெருக்கு. பந்து தொலையாம இருந்தா செரி."

"பந்து எங்கப்பா வாங்கியாந்ததுடி."

"கேப்டன் நானு."

அவள் மறுவாரமே மறுபடியும் தூக்கினாள். ஒரு வாரம் பாறையில் உட்கார வைத்தேன். அதற்கப்புறமும் தூக்கினாள். ஒரு மாதம் உட்கார வைத்தேன். நாங்கள் ஆடுவதை அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் அப்பா வாங்கி வந்த பந்து, அவள் தொட முடியாது. எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். அவள் என்னைவிட நன்றாக ஆடுவாள்.

அந்த ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் தூக்கவே இல்லை. தரையில் ஆடக் கற்றுக்கொண்டாள். இரண்டு கல்லுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தால் போதும், அதில் பந்தை அனுப்புவாள். அவள் மட்டையில் பட்ட பந்து முழங்கால் உயரம் எழும்பி நான் பார்த்ததில்லை. என் சட்டத்தால்தான் அவள் ஆட்டம் சீரானது என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

ஒன்பதாம் வகுப்புக்கு நான் கள்ளக்குறிச்சிக்கு வந்து ஹாஸ்டலில் சேர்ந்தேன். மல்லிகா மலையிலேயே படித்தாள். ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு அறையில் ஒரு கூடை நிறையப் பந்து இருந்தது. முதல் வாரத்தில் ஒன்றைச் சாக்கடையில் தொலைத்துவிட்டு, அழுதுகொண்டே போய் பி.டி. டீச்சர் முன்னால் நின்றேன். அவர் கூடையிலிருந்து இன்னொன்றை எடுத்துத் தூக்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். அவ்வளவுதான். தூக்கி அடிக்க நான் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது சட்டத்தை எடுத்தேனா? இல்லை. அங்கே இன்னும் அதே ஒரு பந்துதான்.

கள்ளக்குறிச்சியில் ஒரு காலை

பத்தாவது முடித்த கோடையில் மாவட்ட அணிக்கு ஆள் எடுத்தார்கள். கள்ளக்குறிச்சி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை, விழுப்புரத்திலிருந்துதான் தேர்வாளர்கள் வந்தார்கள். மல்லிகாவை நான்தான் முதல் பஸ்ஸில் அழைத்து வந்தேன். மலை இறங்குகிற வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். என் பழைய கான்வாஸ் ஷூவில் பேப்பரைத் திணித்துப் போட்டுக்கொண்டாள்.

வந்தவர்களை இரண்டு அணியாகப் பிரித்து ஆட விட்டார்கள். நாங்கள் இருவரும் ஒரே அணி. மல்லிகா மூன்றாவதாக இறங்கினாள். ஐயோ, அந்த ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எந்த இரண்டு பேருக்கு நடுவில் இடம் இருக்கிறதோ அங்கே பந்து போனது. அரை மணி நேரத்தில் தேர்வாளர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அவள்தான் முதல் பெயர் என்று பேசிக்கொண்டதை என் காதால் கேட்டேன்.

பிறகு கடைசி ஓவர் வந்தது. ஒன்பது ரன் வேண்டும். எதிர்முனையில் நான். அவள் தரையில்தான் அடிப்பாள் என்பது எதிரணிக்குப் புரிந்துபோயிருந்தது. எல்லோரையும் கிட்டத்தில் கொண்டுவந்து சுவர் மாதிரி நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் மைதானம் முழுவதும் காலி.

முதல் பந்து, இடுப்பு உயரத்துக்கு வந்த ஃபுல் டாஸ். குழந்தைகூடத் தூக்கும். மல்லிகா அதை அழகாகக் குனிந்து தரையில் அமுக்கினாள். இரண்டாவதும் அப்படியே.

"ஏம்மா, தூக்கி அடிம்மா!" தொப்பி போட்ட தேர்வாளர் எழுந்தே விட்டார். "இன்னா தடவிக்கினு கீற?"

நான் ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்தேன். "தூக்குடி. இங்க பள்ளம் இல்ல."

"தெரியுது."

"பின்ன இன்னா, பயமா?"

"பயம் இல்லடி. நானும் தூக்கலாம்னுதான் மட்டைய கொண்டாரேன். அது தானா தரையில போய் நிக்குது." கையை விரித்துக் காட்டினாள், விரல்கள் வெளுத்திருந்தன. "கை எந்திரிக்க மாட்டேங்குது."

மூன்றாவது பந்தையும் அமுக்கினாள். நான்காவதில் எப்படியோ ஒரு சந்தில் தள்ளி மூன்று ஓடினோம். ஐந்தாவது பந்துக்கு நான். கண்ணை மூடிக்கொண்டு தூக்கினேன். வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது. ஜெயித்துவிட்டோம். எல்லோரும் என்னைச் சுற்றிக் குதித்தார்கள். மல்லிகாவும்தான்.

கடைசிப் பெயர்

பதினைந்து பேர் வேண்டும். பதினாலு பெயர் படித்துவிட்டார்கள். எங்கள் இரண்டு பேர் பெயரும் அதில் இல்லை. தொப்பிக்காரர் எங்களை முன்னால் வரச் சொன்னார். அவர் மல்லிகாவிடம்தான் பேசினார். அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும்.

"பந்து எங்க போவணும்னு ஒனக்குத் தெரியுதும்மா. அது எல்லாருக்கும் வராது. ஆனா தெம்பு இல்லியே. கடைசியில கையே எந்திரிக்கல பாரு. மலையில இன்னா சாப்புடுவீங்க?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மல்லிகா தலையைக் குனிந்து என் பழைய ஷூவைப் பார்த்தாள்.

நான் கை நீட்டினால் அவரைத் தொடுகிற தூரத்தில் நின்றேன். சொல்ல வேண்டியது மூன்றே வாக்கியம். சார், இவள் அடித்தால் பந்து பலா மரத்தைத் தாண்டும். இவள் கையைக் கட்டிப்போட்டது நான். ஒரு வாரம் விடுங்கள், நானே அவிழ்த்துக் காட்டுகிறேன். இந்த மூன்று வாக்கியமும் அப்போதே என் நாக்கில் இருந்தன. பின்னால் யோசித்துக் கண்டுபிடித்தவை அல்ல.

சொல்லவில்லை. இடம் ஒன்றுதான் இருந்தது.

பதினைந்தாவதாக என் பெயரைப் படித்தார்கள்.

மலைக்குத் திரும்புகிற பஸ் கச்சிராயபாளையத்தைத் தாண்டியது. அப்போது மல்லிகா கேட்டாள். "எனக்குத் தெம்பு இல்லியாடி?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் தேர்வாளர் இல்லை, போட்டி இல்லை, பெயர் படித்தாகிவிட்டது. எனக்கு இழப்பதற்கு எதுவுமே இல்லை.

"பெரியவங்க, தெரியாமயா சொல்லுவாங்க?" என்றேன்.

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் களத்துக்கு ஆட வரவே இல்லை என்று கேள்விப்பட்டேன். நான் மாவட்டத்துக்கு ஆடினேன், மாநில முகாம் வரை போனேன், விளையாட்டுக்காரி என்ற முறையில் உடற்கல்வி ஆசிரியை வேலை கிடைத்தது. இன்று நான் சாப்பிடுகிற சோறு அந்தப் பதினைந்தாவது பெயரிலிருந்து வருகிறது.

செல்போன் கடை வாசலில்

"தெம்பு இல்லன்னு சொல்லாதீங்க" என்றேன் வெள்ளைச் சட்டைக்காரரிடம். என் குரல் எனக்கே அதிகமாகத் தெரிந்தது. "ஒரு தடவ தப்பா தூக்கினா வூட்டுக்கு அனுப்புறீங்க. ரெண்டு தடவ தூக்கினா பேரையே அடிக்கிறீங்க. பத்து வருசம் அப்படிப் பழக்கிட்டு, கடைசி ஓவர்ல வந்து தூக்கு தூக்குன்னா எங்கேர்ந்து கை எந்திரிக்கும்? அவ கைய யாரு கட்டுனாங்கன்னு கேளுங்க மொதல்ல!"

அவர் மிரண்டுவிட்டார். "கோச்சிக்காதீங்க மேடம். நாங்க சும்மா பேசிக்கினு இருந்தோம்" என்றார்.

பாவம், அவரிடம் கத்தி என்ன பிரயோஜனம்? இந்தப் பேச்சை எங்கே பேசியிருக்க வேண்டுமோ அங்கே பேசாமல், செல்போன் கடை வாசலில் முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம் பேசிக்கொண்டிருந்தேன். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் மல்லிகாவுக்கு போன் போட்டேன். நாங்கள் பேசாமல் இல்லை, பொங்கலுக்கும் சாவுக்கும் பேசுவோம். அவள் வீட்டில் சிக்னல் கிடைக்காது. கொஞ்ச நேரம் கழித்து அவளே பாறை மேட்டில் ஏறி நின்று கூப்பிட்டாள். காற்றுச் சத்தம் கேட்டது.

"இன்னாடி, யாருக்கு இன்னா?" என்றாள் பதறிப்போய்.

சொன்னேன். எல்லாவற்றையும் வரிசையாக. அன்றைக்கு அந்த ஆள் சொன்னது பொய் என்று, அவளைப் போல அடிக்கிறவள் அங்கே ஒருத்தியும் இல்லை என்று. என் சட்டம்தான் அவள் கையைக் கட்டியது, அது எனக்கு அப்போதே தெரியும், தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை, இடம் ஒன்றுதான் இருந்தது என்று.



"அப்ப எனக்குத் தெம்பு இருந்துதா?"

"இருந்துதுடி."

"பள்ளத்துப் பக்கமா அடிச்சா யாரு அடிச்சாலும் தூரமாத்தான் போவும், அதான் பலா மரத்த தாண்டிச்சின்னு நெனச்சிக்கினு இருந்தேன். இத்தினி வருசமா."

"மன்னிச்சிடு" என்று ஆரம்பித்தேன். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"என் மவ போன மாசம் வந்து நின்னா. ஸ்கூல் டீம்ல சேத்துக்கறாங்கம்மா, கையெழுத்துப் போடுன்னா. போடல. நம்ம வூட்டுப் பொண்ணுங்களுக்கு அந்தத் தெம்பு கெடயாதுடி, அங்க போயி நாலு பேரு சிரிக்கிற மாதிரி நிக்காதேன்னு சொல்லி, அந்தப் பேப்பர கிழிச்சி அடுப்புல போட்டுட்டேன்."

அதோடு அவள் போனை வைத்துவிட்டாள். மறுநாள் கூப்பிட்டேன். அதற்கு மறுநாளும் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.